லாந்தர் ஊர்வலத்துக்குப் பிள்ளையை அனுப்பலாமா?

வணக்கம் தங்கச்சி. நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், இதே கேள்வியோடு இருக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். ஆகஸ்டில் பழனியிலிருந்து ஜெர்மனியின் க்ரேஃபெல்ட் நகரத்துக்கு வந்திருக்கிறீர்கள். மகள் இரண்டாம் வகுப்பு. நவம்பரில் ஒரு மாலை லாந்தர் ஊர்வலம், அதற்கு முன் ஒரு நாள் பெற்றோரும் வந்து லாந்தர் செய்யவேண்டும், ரொட்டிக்குப் பணம் கட்டவேண்டும் என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அது மார்ட்டின் என்கிற கிறிஸ்தவப் புனிதருடைய நாள் என்று யாரோ சொன்னதிலிருந்து உங்கள் வீட்டுக்காரருக்குத் தயக்கம். பிள்ளைக்கு ஜெர்மன் இன்னும் வரவில்லை, குளிரில் தனியாக நின்று அழுவாளோ என்று உங்களுக்குப் பயம். அனுப்பலாமா, அல்லது அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா?

அனுப்புங்கள். நீங்கள் இரண்டு பேரும் கூடப் போங்கள். பொய்க் காரணம் மட்டும் வேண்டாம். விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்தால் இங்கே யாரும் குடைந்து கேட்கமாட்டார்கள். காய்ச்சல் என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் பிள்ளை துள்ளிக்கொண்டு வகுப்புக்குப் போனால், ஆசிரியை அவளிடம்தான் விசாரிப்பார். ஏழு வயதுப் பிள்ளை என்ன சொல்லும்?

நான் யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் பிள்ளை. எண்பதுகளின் நடுவில், ஆறு வயதில் இங்கே வந்தேன். உங்கள் ஊருக்குக் கிட்டத்தான், கீழ் ரைன் பகுதிச் சிற்றூர் ஒன்றில் ஆரம்பப் பள்ளி முழுவதும் படித்தேன். அகதி விடுதியில் ஒரே அறை, அடுப்பு நாலு குடும்பத்துக்குப் பொது. அகதி விண்ணப்பம் போட்டவர்கள் அப்போது தங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டுவதென்றால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அனுமதித் தாள் வாங்கவேண்டும். பக்கத்து மாவட்டத்தில் இருந்த சித்தப்பா வீட்டுக்குத் தீபாவளிக்குப் போவதற்கும் அந்தத் தாள் வேண்டும். போகும் தூரத்தில் கோயிலும் இல்லை. இன்றைக்கு எல்லாரும் போய்ப் படம் எடுக்கிற ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில், அந்தக் கோபுரத்தோடு, 2002இல்தான் வந்தது. ஆகவே எங்கள் பண்டிகை எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள்ளே நடந்தது. அம்மா வடை சுட்டால் மணம் விடுதித் தாழ்வாரத்துக்குப் போய்விடுமே என்று ஜன்னலைத் திறந்து வைப்பார், அந்தக் குளிரிலும்.

தெருவில் இறங்கி நடக்கிற பண்டிகை என்று எனக்கு வாய்த்தது இந்த மார்ட்டின் ஊர்வலம் ஒன்றுதான். அதனால் நான் நடுநிலையாகப் பேசவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் பாசத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும், புதிதாக வந்த பிள்ளைக்கு ஜெர்மன் பள்ளி ஆண்டில் இதைவிட இலகுவான நாள் கிடையாது. மற்றதை எல்லாம் எண்ணிப் பாருங்கள். பிறந்தநாள் விருந்து என்றால் அழைப்பு வரவேண்டும், வராவிட்டால் பிள்ளைக்கு ஏக்கம். பிப்ரவரி வாக்கில் கார்னிவல் வரும், அதற்கு வேடம் வேண்டும், அந்த வருடம் எந்த வேடம் எடுபடும் என்று தெரிந்திருக்கவும் வேண்டும். டிசம்பர் நாடகத்தில் வசனம் தெரிந்த பிள்ளைக்குத்தான் வேலை, மற்றவர்கள் ஆடாகவோ மரமாகவோ நிற்பார்கள். நான் மரமாக நின்றிருக்கிறேன். மார்ட்டின் ஊர்வலத்தில் செய்யவேண்டியது இரண்டே வேலை: லாந்தரைப் பிடிப்பது, நடப்பது. ஐந்து மணிக்கே இருட்டிவிடும். குல்லாயும் கழுத்துத் துணியும் தடித்த கோட்டும் போட்டபின் எந்தப் பிள்ளை எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியாது. பாட்டுகள் திரும்பத் திரும்ப வருபவை, பொருளில்லாத ஓசைகள் வேறு நடுவில் வரும், மொழி தெரியாத பிள்ளை அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். பள்ளியில் என் வாயிலிருந்து முதல் முதலாகச் சத்தமாக வந்த ஜெர்மன் அந்த ஓசைகள்தான்.

லாந்தர் செய்வது இன்னொரு கதை. அந்த நாளில் வகுப்பில் செய்தது வட்டமான சீஸ் பெட்டியை வைத்து. மரச்சீவலிலோ அட்டையிலோ வரும் பெட்டியின் ஒரு பாதி அடித்தட்டு, மற்றதில் நடுவை வெட்டி எடுத்தால் மேல் வளையம். இடையில் நிறக் கண்ணாடித்தாளை உருளையாகச் சுற்றி ஒட்டினால் முடிந்தது. அக்டோபர் பிறந்தால் வகுப்பிலுள்ள வீடுகளில் எல்லாம் கமெம்பேர் சீஸ் தின்று தீர்ப்பார்கள், பெட்டி வேண்டுமே. எங்கள் விடுதியில் யார் சீஸ் வாங்குவது? பெட்டி கொண்டுவராத பிள்ளை நான்.

என் அப்பா 1983 கலவரம் வரைக்கும் கொழும்பில் புறக்கோட்டைக் கடையொன்றில் கணக்கு எழுதியவர். வெள்ளவத்தையில் இருந்த காலத்தில், மே மாதம் வெசாக் என்கிற பௌத்தப் பண்டிகை வந்தால் பக்கத்து வீட்டுச் சிங்களப் பையன்களோடு சேர்ந்து கூடு, அதாவது தாள் லாந்தர், கட்டுவாராம். மூங்கிலைச் சீவி, எட்டுப் பட்டையாகக் கட்டி, மெல்லிய நிறத்தாள் ஒட்டி, கீழே குஞ்சம் விடுகிற வெசாக் கூடு. நான் பெட்டி இல்லை என்று அழுதபோது மனிதர் ஒன்றும் பேசாமல் வெளியே போய், தோட்டக் கடையில் தக்காளிச் செடிக்கு ஊன்றுகிற மூங்கில் குச்சிகள் வாங்கிவந்தார். அன்றிரவு அந்த அறையில் வெசாக் கூடு ஒன்று எழும்பியது. சைவக்காரர், கொழும்பிலிருந்து அடித்துத் துரத்தப்பட்டவர், பௌத்தப் பண்டிகைக் கூட்டைக் கத்தோலிக்கப் புனிதருக்காகக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடு உறைத்தது. அப்போது என் கவலை வேறு. கூடு என் இடுப்பு உயரம்.

அந்த வருடம் தூறல். மெல்லிய தாள் நனைந்து அடிப்பக்கம் தொங்கிப்போனது, பாதி வழியில் அப்பாவே தூக்கிக்கொண்டு வந்தார். ஆனால் அடுத்த வாரம் ஆசிரியை விடுதிக்கு ஆள் விட்டார், அடுத்த ஆண்டு லாந்தர் செய்கிற நாளில் உங்கள் அப்பா வருவாரா என்று. அப்பா வந்தார். வேலை செய்ய அனுமதி இல்லாமல் பகல் முழுக்கக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிற மனிதர், பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்து இருபது பிள்ளைகளுக்கு மூங்கில் சீவிக் கொடுத்தார். சுவர்த்தாள் ஒட்டுகிற பசையை இரண்டு பூச்சுப் பூசினால் தாள் மழைக்குத் தாங்கும் என்று ஆசிரியை அவருக்குக் காட்டிக்கொடுத்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. அதற்குப் பிறகு அந்த ஊரில் அப்பாவுக்குத் தெருவில் வணக்கம் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். விடுதியிலிருந்த மற்ற ஆண்களுக்கு அது கிடைக்கவில்லை.

ஆகவே கடிதத்தில் எழுதியிருக்கிற இரண்டு நாளில் ஒன்றுக்குத்தான் போகமுடியும் என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னால், ஊர்வலத்துக்கு நீங்கள் போங்கள், லாந்தர் செய்யும் நாளுக்கு அவரை அனுப்புங்கள். ஊர்வலத்தில் யாரும் யாரோடும் பேசமுடியாது, வாத்தியச் சத்தம். பசை பூசுகிற மேசையில்தான் பழக்கம் வரும்.

இனிக் கதைக்கு வருகிறேன், மதம்தானே அவருடைய தயக்கம். மார்ட்டின் 316ஆம் ஆண்டளவில் இன்றைய ஹங்கேரியில் பிறந்தவர். அப்பா ரோமப் படை அதிகாரி. இத்தாலியில் வளர்ந்து, படையில் சேர்ந்து, இன்றைய பிரான்சுக்கு வந்தார். ஆமியான் நகரத்து வாசலில் பனிக்குளிரில் உடுப்பில்லாமல் இருந்த பிச்சைக்காரர் ஒருவரைக் கண்டு, தன் போர்வையை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்பது கதை. பிற்காலத்தில் பிரான்சின் தூர் நகரத்துக்கு ஆயரானார். ஆயராக விருப்பமில்லாமல் வாத்துக் கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டார், வாத்துகள் கத்திக் காட்டிக்கொடுத்துவிட்டன என்று ஒரு கிளைக்கதையும் உண்டு. இந்தக் காலத்தில் வீடுகளிலும் உணவகங்களிலும் வாத்து வறுக்கிறார்களே, அதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். 397 நவம்பரில் இறந்து 11ஆம் தேதி அடக்கம் செய்யப்பட்டார், அதுதான் நாள். ஆக, இவரும் ஊர்விட்டு ஊர் வந்தவர்தான்.

என் அப்பா இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "இது பேகன் செய்ததுதானே" என்று முடித்துவிட்டார். நீங்கள் பழனிக்காரர், உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மயில் குளிரில் நடுங்குகிறது என்று போர்வையைக் கொடுத்த வையாவிக் கோப்பெரும் பேகன் உங்கள் மலைக்காரன். மகளுக்கு முதலில் பேகன் கதையைச் சொல்லிவிட்டு அப்புறம் மார்ட்டினைச் சொல்லுங்கள், ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வாள். ஏன் பாதி, முழுசாகக் கொடுத்தால் என்ன என்று கட்டாயம் கேட்பாள், எல்லாப் பிள்ளையும் கேட்கும். உடுப்பின் பாதி படைக்குச் சொந்தம், தன் பாதியைத்தான் அவரால் கொடுக்கமுடிந்தது என்று எங்கள் ஆசிரியை சொன்னார். பேகன் முழுப் போர்வையையும் கொடுத்தான் என்று நான் வகுப்பில் சொல்லப் பார்த்தேன். மயிலுக்கு ஜெர்மன் சொல் தெரியாமல் கோழி என்று சொன்னேன், அந்தப் பெருமை அதோடு போனது.

சட்டப்படி உங்களுக்கு என்ன உரிமை என்றும் தெரிந்திருங்கள். சமய பாடத்தில் பிள்ளை சேர்வதா வேண்டாமா என்பதைப் பெற்றோர் முடிவு செய்யலாம், ஜெர்மன் அரசியல் சட்டத்தின் 7ஆம் பிரிவே அப்படிச் சொல்கிறது. லாந்தர் ஊர்வலம் பாடம் அல்ல, பள்ளி விழா. நம் மாநிலமான நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலனில் அரசு செலவில் நடக்கும் கத்தோலிக்க ஆரம்பப் பள்ளிகளும் உண்டு, உங்களுடையது அப்படியானால் ஊர்வலத்துக்கு முன் தேவாலயத்தில் சின்ன வழிபாடு இருக்கலாம். அது வேண்டாமென்றால், நேரே ஊர்வலம் புறப்படும் இடத்துக்கு வருகிறோம் என்று வகுப்பாசிரியையிடம் சொல்லுங்கள், அவ்வளவுதான். 2013இல் இங்கே ஓர் இடதுசாரி அரசியல்வாதி, பிற மதப் பிள்ளைகள் சங்கடப்படக்கூடாது என்று இதைச் 'சூரியன், சந்திரன், நட்சத்திர விழா' என்று மாற்றச் சொல்லிப் பெரிய வாக்குவாதம் ஆனது. மார்ட்டினுடைய வாழ்க்கை முஸ்லிம்களுக்கும் நல்ல முன்மாதிரிதான் என்று முஸ்லிம் மத்திய அவையின் தலைவரே அப்போது சொன்னார். எனக்கும் பெயரை மாற்றுவதில் உடன்பாடில்லை. ஒருவர் போர்வையைப் பகிர்ந்தார் என்று சொல்வதில் யாருக்கு என்ன சங்கடம்?

அன்றைய மாலை எப்படிப் போகும் என்றால், பள்ளி முற்றத்தில் வகுப்பு வகுப்பாகக் கூடுவார்கள். முன்னால் குதிரையில் ரோமப் போர்வீரர் வேடத்தில் ஒருவர், சிவப்புப் போர்வையோடு. பின்னால் வாத்தியக் குழு, தீயணைப்புப் படையினர், பிள்ளைகள். போலீஸ் தெருவை மறிக்கும். வழியில் வீட்டு ஜன்னல்களில் விளக்கு வைத்திருப்பார்கள். முடிவில் நெருப்பு மூட்டி, அதன் பக்கத்தில் போர்வையைப் பாதியாக்கும் காட்சி. இப்போதெல்லாம் போர்வை நடுவில் ஒட்டுப்பட்டி வைத்துத் தைத்தது, வாள் பட்டதும் 'பர்ர்' என்று பிரியும், நாலாம் வகுப்புப் பிள்ளைகள் அதற்காகவே காத்திருந்து சிரிப்பார்கள். குதிரைக்குப் பின்னால் முதலாவதாக நடக்கிற வகுப்பு உங்கள் மகளுடையதானால் காலுக்குக் கீழே பார்த்து நடக்கச் சொல்லுங்கள்.

ஊர்வலம் சரியாக 11ஆம் தேதியே இருக்காது, பதறவேண்டாம். ஒரே ஊரில் பத்துப் பள்ளி இருந்தால் குதிரையும் வாத்தியக்காரரும் எல்லாருக்கும் பத்தாது, ஆகவே முன்னும் பின்னும் நாட்களில் பிரித்து நடத்துவார்கள். 11ஆம் தேதி கொலோனிலோ டுசல்டோர்ஃபிலோ உங்களுக்கு வேலை இருந்தால் மட்டும் கவனம். காலை 11 மணி 11 நிமிடத்துக்குக் கார்னிவல் பருவம் தொடங்கும், மத்தியானத்துக்குள் ரயில் முழுக்க வேடம் போட்ட குடிகாரர்கள். அது வேறு விழா, இரண்டையும் குழப்பிக்கொண்டு பயந்த தமிழ்க் குடும்பங்களை எனக்குத் தெரியும்.

ரொட்டிப் பணத்தைக் கெடுவுக்குள் கட்டுங்கள். இது முக்கியம். அந்த ரொட்டிக்கு இந்தப் பக்கம் வெக்மான் என்று பெயர், மனித உருவில் சுட்ட இனிப்பு ரொட்டி, கண்ணுக்கு உலர்திராட்சை, கையில் வெள்ளைக் களிமண் சுங்கான், அதாவது புகைக்குழாய். முன்கூட்டிச் சீட்டு வாங்கிய பிள்ளைக்குத்தான் தருவார்கள். எங்களுக்கு முதல் வருடம் கடிதம் விளங்கவில்லை, சீட்டு இல்லை, வரிசையில் நின்ற என்னை ஓர் அம்மா விலக்கிவிட்டார். கூடு நனைந்ததற்கு அழவில்லை, அதற்கு அழுதேன். நீங்கள் சைவம் என்று எழுதியிருக்கிறீர்கள். வெக்மானில் பாலும் வெண்ணெயும் இருக்கும், முட்டையும் பெரும்பாலும் இருக்கும். முட்டை சாப்பிடுவதில்லை என்றால் வீட்டில் ஒன்று சுட்டுக் கொடுத்தனுப்பலாம், பன் மாவுதான். சில ஊர்களில் பையொன்று தருவார்கள், ஆப்பிள், மாண்டரின், கடலை, இனிப்பு. அதிலுள்ள ரப்பர் மிட்டாயில் பெரும்பாலும் பன்றி ஜெலட்டின், அதை மட்டும் எடுத்துவிடுங்கள். முற்றத்தில் பெரியவர்களுக்குச் சூடாக விற்கிற சிவப்புப் பானம் மது, பிள்ளைகளுக்கானது வேறு பாத்திரத்தில் இருக்கும். கேட்டு வாங்குங்கள். பல பள்ளிகளில் குவளையை வீட்டிலிருந்து கொண்டுபோகவேண்டும்.

உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை: உள்ளே ஒட்டின மாதிரி நீளக் காற்சட்டை, மேலே மழைக் காற்சட்டை, இரண்டு காலுறை. விரல் விரலாகப் பிரிந்த கையுறை வேண்டாம், மொத்தமாக மூடுகிறது போதும், லாந்தர்க் கோலைப் பிடிக்க அதுவே வசதி. எங்கள் காலத்தில் உள்ளே உண்மையான மெழுகுவத்தி, ஒவ்வொரு வருடமும் யாருடையதாவது பற்றி எரியும். இப்போது கோலிலேயே மின்விளக்கு வருகிறது, மலிவுதான். பேட்டரியை மட்டும் வீட்டிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள். வீட்டில் கொஞ்சம் மிட்டாயும் வைத்திருங்கள். மார்ட்டின் நாளை ஒட்டி அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மணியடித்துப் பாடிவிட்டு நிற்பார்கள், வெறுங்கையோடு அனுப்பக்கூடாது.

கடைசியாக, நம்முடைய பண்டிகை போய்விடுமே என்று கேட்டிருந்தீர்கள். அது இந்த ஊர்வலத்தால் போகாது. போனால் நாம் வீட்டில் செய்யாததால் போகும். தேதிகளைப் பாருங்கள், தீபாவளி இதற்குச் சில வாரம் முன்போ இதை ஒட்டியோ வரும், கார்த்திகை விளக்கு நவம்பர் பிற்பாதியிலோ டிசம்பரிலோ வரும். என் அம்மா லாந்தரைத் தூக்கி எறியவிடமாட்டார். எங்கள் ஊரில் விளக்கீட்டுக்கு, அதாவது கார்த்திகைக்கு, வாசலில் பந்தம் கொளுத்துவது வழக்கம், விடுதியில் அதற்கு வழியில்லை, ஆகவே அந்தக் கூட்டை அறைக் கதவுக்கு வெளியே தொங்கவிட்டு உள்ளே ஒரு சிட்டி விளக்கு வைப்பார். காவலாளி வந்து அணைக்கச் சொல்லுவார், அம்மா தலையாட்டுவார், அவர் போனபின் மறுபடி கொளுத்துவார். நீங்களும் கார்த்திகை வரை வைத்திருங்கள், மின்விளக்கானதால் காவலாளித் தொல்லை இல்லை. பொங்கல் அன்று பள்ளிக்கு விடுமுறை வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள், சமயப் பண்டிகைக்கு ஒரு நாள் விடுப்புத் தருகிற தலைமையாசிரியர்கள் உண்டு. நவம்பரில் பசை மேசையில் பார்த்த முகம் ஜனவரியில் கேட்டால் இன்னும் இலகு.

லாந்தர் செய்யும் நாளுக்குப் போகும்போது வீட்டிலிருந்து நல்ல கத்தரிக்கோல் ஒன்று எடுத்துப்போகச் சொல்லுங்கள். பள்ளிக் கத்தரிக்கோல் பிள்ளைகளின் விரலைக் காப்பாற்றுவதற்காகச் செய்தது, அட்டையை வெட்டாது.